முதல் பதினைந்து செக்கனோடு நிறுத்தாதீர்கள்

போன மாதம் அக்காவின் மகன் கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே போனை நீட்டினான். "மாமா, இந்தப் பாட்டுக்குக் கொஞ்சம் பேஸ் ஏத்தித் தாங்கோவன்." பதினைந்து செக்கன் வீடியோ. கறுப்புக் கண்ணாடி போட்ட நாலு பெடியள், இரண்டு மோட்டார் சைக்கிள், மதில் உயர்ந்த ஒழுங்கை ஒன்று. பின்னால் வயலின் கூட்டம் ஒன்று இறுக்கமாக இழுக்கிறது. அந்த இழுவை கேட்டதுமே எந்தப் பாட்டென்று விளங்கிவிட்டது.

"உதின்ர மிச்சம் கேட்டனியோ?" என்றேன்.

"மிச்சம் என்ன மாமா, இவ்வளவுதானே பாட்டு."

அவன் மேல் பிழையில்லை. அவனுக்குப் போனில் வந்து சேர்ந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த மிச்சத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். எழுத உட்கார ஒரு மாதம் போய்விட்டது. ஆடி, ஆவணி என்றால் எங்கள் தொழிலில் நித்திரைக்கே நேரமில்லை.

தொழில் சவுண்ட் சேர்விஸ். கோயில் திருவிழா, கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, யார் கூப்பிட்டாலும் ஹோர்னும் பொக்ஸும் ஏற்றிக்கொண்டு போவேன். ஓய்ந்த நாளில் கடையிலிருந்து அம்பிளிபயர், றேடியோ, பழைய கசெற் பிளேயர் திருத்துவேன். சங்கீதம் படித்தவன் அல்ல. ஒரு பாட்டு எந்தப் பொக்ஸில் எப்படிக் கேட்கும், எங்கே உறுமும், எங்கே வெடிக்கும் என்பது மட்டும் முப்பது வருடத்தில் காதுக்குப் பழகிவிட்டது. இந்த விமர்சனத்தை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டின் பெயர் "கேங்ஸ்டாஸ் பாரடைஸ்". ராப் சொல்பவர் கூலியோ, இடையில் பல்லவியைப் பாடுபவர் எல்.வி. "டேஞ்சரஸ் மைண்ட்ஸ்" என்ற அமெரிக்கப் படத்தோடு 1995இல் வந்தது. அந்த வருடம் அமெரிக்காவில் எல்லாப் பாட்டையும் விட அதிகம் ஓடிய பாட்டு என்று பில்போர்ட் பட்டியல் இதைத்தான் முதலில் வைத்தது. அடுத்த வருடம் கிராமி விருதும் கிடைத்தது. 2022இல் யூடியூபில் நூறு கோடிப் பார்வையைத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கெல்லாம் யாரும் சொல்லுவார்கள். நான் சொல்ல வந்தது என்னிடம் உள்ள கசெற்றைப் பற்றி.

கடையின் மேல்தட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டி இருக்கிறது. போரில் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை 2002 ஏப்ரலில் திறந்தபிறகு வெளிநாட்டுச் சனம் ஊர் பார்க்க வரத் தொடங்கியதல்லவா, அந்த அலையில் 2003இல் ரொறன்ரோவிலிருந்து மாமாவின் மகன் வந்தான். பெரிய சூட்கேஸ். அம்மாவுக்குச் சேலை, பிள்ளைகளுக்குச் சொக்லேற். எனக்கு அந்தச் சப்பாத்துப் பெட்டி நிறையக் கசெற். "மச்சான், நான் சீடிக்கு மாறியிட்டன். உனக்குத்தான் உந்தப் பழஞ்சாமானில விருப்பம்" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். அதைவிடப் பெரிய பரிசு இதுவரை எனக்கு யாரும் தரவில்லை. அதற்குள் இருந்த ஒன்றுதான் அந்தப் படத்தின் பாட்டுக் கசெற். முதல் பக்கத்தில் முதல் பாட்டே இதுதான்.

முப்பது வருடக் கசெற்றை எடுத்த எடுப்பில் போட்டால் நாடா சிக்கும், அல்லது பாட்டு தலையணைக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும். கசெற்றின் வாயில், நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்க, ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்கும். நெற்றிப் பொட்டளவுதான். அதன் பசை காய்ந்து துண்டு விழுந்துவிட்டால் மேல் ஒலி முழுவதும் செத்துப்போகும். என் கசெற்றிலும் விழுந்துதான் கிடந்தது. ஐந்து திருகாணியையும் கழற்றி, நாடா பழுதான ஒரு பக்திப்பாடல் கசெற்றிலிருந்து துண்டை எடுத்து இதற்கு மாற்றினேன். முருகன் கோபிக்கமாட்டார். பிறகு பிளேயரின் ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியை, பாட்டு ஓட ஓட, அரைச்சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். ஒரு இடத்தில் கூலியோவின் ‘ஸ்ஸ்’ எல்லாம் சவரக்கத்தி போலத் தெளிந்தது. அதுதான் சரியான இடம். அதற்குமேல் தொடக்கூடாது.

அப்படிக் கேட்கும்போது முதலில் பிடிபடுவது, இந்தப் பாட்டில் எதுவும் அவசரப்படவில்லை என்பது. வயலின் கூட்டம் ஒரு சின்னச் சுற்றைப் போடுகிறது. கூட்டுக்குரல் ஒன்று பின்னாலிருந்து முனகுகிறது. அடியும் பேஸும் வந்து அதன் கீழே உட்காருகின்றன. அவ்வளவுதான், பிறகு நாலு நிமிடமும் அதே சுற்று. எங்கள் சினிமாப் பாட்டென்றால் பல்லவி, சரணம், இடையிசை என்று ஓர் இடத்தில் நில்லாமல் ஓடும். இது செக்கிழுக்கிற மாடு மாதிரி ஒரே வட்டத்தில் வருகிறது. ஆளும் அதற்குள்ளேதான் நடக்கிறான், வெளியே வர வழியில்லை. மெட்டு மாறாததைக் குறையாகச் சொல்லும் ஆட்கள் உண்டு. எனக்கு அதுதான் பாட்டின் பொருளே.

அந்த வயலின்களில் ஒன்றுகூட வயலின் அல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தச் சுற்று ஸ்டீவி வொண்டர் 1976இல் வெளியிட்ட "பாஸ்டைம் பாரடைஸ்" என்ற பாட்டிலிருந்து எடுத்தது. அவர் யமஹா ஜிஎக்ஸ்-1 என்ற ராட்சத சின்தசைசரில் வாசித்து அந்த வயலின் கூட்டத்தை உண்டாக்கினார். தேடி எடுத்து அதையும் கேட்டேன். அதன் கடைசியில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவும் ஹரே கிருஷ்ணா பஜனைக்காரரும் ஒன்றாகக் கலந்து பாடுவார்கள். ஒரே வீதியில் கோயில் தேரும் மாதா சுற்றுப்பிரகாரமும் எதிரெதிரே வந்தது போல இருக்கும், ஆனால் சண்டையில்லை. அழகான பாட்டு. ஆனாலும் என் காதுக்கு அது புத்தி சொல்கிற பாட்டு. பழசையே நினைத்துக்கொண்டு காலத்தைக் கழிக்காதே என்கிறது. கூலியோ அதே இசையை எடுத்து, புத்தி கேட்டும் பயனில்லாத ஓர் ஆளின் வாயில் வைத்துவிட்டார்.

இதற்கு அனுமதி கேட்டபோது, கெட்ட வார்த்தை இருந்தால் தரமாட்டேன் என்று ஸ்டீவி வொண்டர் மறுத்தாராம். வார்த்தைகளை மாற்றிய பிறகுதான் சம்மதித்தார் என்று கூலியோவே சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் அனுமதி கேட்டுப் பாட்டு எடுத்த ஆளை நான் காணவில்லை. ரெக்கோடிங் பார் வைத்திருந்தவர்கள் முழுப் பேரும் கள்ளப் பிரதிதான் அடித்தோம், நானும்தான். அது ஒரு புறம். அந்த ஒரு நிபந்தனையால் பாட்டுக்கு வந்த நன்மையைக் கவனியுங்கள். தூசணம் பேசினால் கோபம் வெளியே போய்விடும், ஆள் கொஞ்சம் ஆறுவான். இங்கே ஆறுவதற்கு இடமே கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதுபோல ஒவ்வொரு வரியும் வருகிறது. தொழில் ரீதியாக இன்னொரு லாபம்: பெரிய ஆட்கள் இருக்கிற வீட்டிலும் கூச்சமில்லாமல் போடலாம். பின்னர் அந்த 1995 பில்போர்ட் விருது மேடையில் ஸ்டீவி வொண்டரே வந்து இவர்களோடு சேர்ந்து பாடினார்.

இனி முதல் வரிக்கு வருவோம். 2003இல் கேட்டபோது எனக்கு இங்கிலீசு அரைகுறை. மரண நிழல் விழுந்த பள்ளத்தாக்கில் நடக்கிறேன் என்று தொடங்குவது மட்டும் பிடிபட்டது. பெரிய சண்டியன்போல, சாவுக்கே பயமில்லை என்று மார்தட்டுகிறான் என்று விளங்கிக்கொண்டேன். அப்படியே சில வருடம் போயிற்று.

பிறகு ஒரு நாள் குருநகரில் ஒரு செத்தவீட்டுக்கு மைக் கட்டினேன். கடலுக்குப் போய் வந்த ஒரு வயதானவர். வெயில். பந்தலுக்குள் சனம் நிறைந்துபோய் நான் அம்பிளிபயரோடு மதில் ஓரம் நின்றேன். பங்குச் சுவாமி செபத்தில் பைபிளின் சங்கீதம் ஒன்றை வாசித்தார். சாவின் இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் நடந்தாலும், என்று அவர் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. இது அந்தக் கசெற்றில் இருக்கிற வரியல்லவா! நான் சைவப் பெடியன், எனக்கெங்கே 23ஆம் சங்கீதம் தெரியும்? சுவாமி நிறுத்தவில்லை. எந்தத் தீங்குக்கும் அஞ்சேன், நீர் என்னோடு இருக்கிறீர் என்று அடுத்த வரிக்குப் போனார். பந்தலில் இருந்த பொம்பிளையளின் முகத்தைப் பார்த்தேன். ‘நீர் என்னோடு இருக்கிறீர்’ என்ற இடத்தில் அவர்களுக்கு ஏதோ ஒன்று இறங்கியது. அது தெளிவாகத் தெரிந்தது.

அன்று இரவு பொக்ஸ் எல்லாம் இறக்கி வைத்துவிட்டுக் கசெற்றைப் போட்டேன். கூலியோ முதல் பாதியைச் சொல்கிறார். அடுத்த பாதி வரவில்லை. ‘நீர் என்னோடு இருக்கிறீர்’ இருக்கவேண்டிய இடத்தில், என் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறேன், மிஞ்சி ஒன்றுமில்லை என்ற கருத்து வருகிறது. ஒரு வேதவரியைத் தொடங்கி, பாதியில் கையை விட்டுவிடுகிறான். பக்கத்தில் ஒருத்தருமில்லை. இதை மார்தட்டல் என்று இத்தனை வருடம் நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். அகராதியோடு இருந்தேன் என்று சொன்னால் பொய். ஒரு ரியூசன் மாஸ்டர் அம்பிளிபயர் திருத்த வந்தார், அவரிடம் கூலிக்குப் பதில் பாட்டை விளங்கப்படுத்தச் சொன்னேன். இரண்டாம் பகுதியில் ஒரு இடம் இருக்கிறது. எனக்கு இப்போது 23 வயது, 24ஐக் காண்பேனோ தெரியாது என்கிறான். பாடும்போது கூலியோவுக்கு முப்பது தாண்டிவிட்டது. அதாவது அவர் தன் கதையைச் சொல்லவில்லை. கலிபோர்னியாவின் கொம்ப்டனில் தான் பார்த்து வளர்ந்த பெடியள் எல்லாரையும் சேர்த்து ஒரு ஆளாக்கி நிறுத்துகிறார். மாஸ்டர் அந்த வரியைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயது. 1995இல் எங்களுக்கு 17. எங்கள் வகுப்புப் படம் ஒன்று அவர் வீட்டிலும் இருக்கிறது, என் வீட்டிலும் இருக்கிறது. 24ஐக் காணாதவர்களை அதில் விரல்விட்டு எண்ணலாம், ஆனால் இரண்டு கை வேண்டும். அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரிக்குப் போனார்.

1995 என்று சொன்னேன் அல்லவா. இந்தப் பாட்டு அந்த செப்டெம்பரில் அமெரிக்காவில் மூன்று கிழமை முதலிடத்தில் நின்றது. ஒக்டோபர் கடைசியில் லண்டனில் முதலிடத்துக்கு வந்தது. அப்போது நாங்கள் இங்கே பாட்டுக் கேட்ட விதத்தை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 1990இலிருந்து குடாநாட்டுக்குக் கறண்ட் இல்லை. பற்றரி, தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெற் கேட்போம். அண்ணை சுற்ற நான் கேட்பேன், நான் சுற்ற அண்ணை கேட்பார். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் எஸ்.பி.பி.க்கும் களைத்துவிடும், குரல் கிணற்றுக்குள் இறங்கும். சுருதி என்றால் என்னவென்று நான் கற்றது அந்தப் பெடலில்தான்.

ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் நெருங்க யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, அந்தச் சைக்கிளில் அரிசி மூட்டையும் அப்பாச்சியும். மழை. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைத்துவிட்டு அடுத்த அடி வைக்க எத்தனையோ நிமிடம் நின்றோம். இலட்சக்கணக்கான சனம் ஒரே றோட்டில். லண்டனில் அந்தக் கிழமை எல்லா வானொலியிலும் ஓடியது இந்தப் பாட்டு. அங்கே இருந்த சித்தப்பா இங்கே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் றேடியோவுக்கு முன்னால் இருந்தவர். அவருக்கு இன்றைக்கும் இந்தப் பாட்டின் வயலின் கேட்டால் பிடிக்காது, நிறுத்தச் சொல்லுவார். பாட்டில் பிழையில்லை. அவருக்கு அது அந்தக் கிழமையின் சத்தம்.

சரி, பல்லவிக்கு வருவோம். ராப் பகுதி எவ்வளவு இறுக்கமோ, எல்.வி. பாடும் பகுதி அவ்வளவு அகலம். கூலியோ கதைக்கிறார், எல்.வி. அழுகிறார் என்று சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டிலிருந்து வந்த சோல் இசைக் குரல் அது. நெஞ்சிலிருந்து எழும்பி, மேலே போய், உடையப் போகிறது என்று நினைக்கும்போது உடையாமல் இறங்கும். இதைப் போல ஒன்றை எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்து யோசித்து, கடைசியில் காத்தவராயன் கூத்தில் பிடித்தேன். சிந்துநடைக் கூத்தில் காத்தான் நடந்து நடந்து தன் கதையைச் சொல்ல, பக்கத்தில் ஆர்மோனியத்தோடு இருக்கிற பிற்பாட்டுக்காரர் அவன் வரியை வாங்கி நீட்டுவார்கள். காத்தான் கழுமரம் ஏறப்போகிறான் என்பது அவனுக்கும் தெரியும், சனத்துக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் விடிய விடிய இருந்து பார்க்கிறோம். இந்தப் பாட்டிலும் அப்படித்தான். முடிவு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. பிற்பாட்டுத்தான் ஆளை இருத்தி வைக்கிறது.

இதை எங்கே போடக்கூடாது என்றும் சொல்லவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை வரவுக்கு இந்தப் பாட்டுத்தான் வேண்டும் என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் பென்டிரைவ் கொண்டுவந்து தந்தார்கள். தம்பி, இது கலியாணத்துக்கு உரிய பாட்டில்லை என்று மெதுவாகச் சொன்னேன். "அண்ணை, நீங்கள் போடுங்கோ, மாஸாக இருக்கும்" என்றார்கள். காசு தருகிறவன் சொன்னால் போடத்தானே வேண்டும். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க, மரண நிழல் பள்ளத்தாக்கு வழியாக மாப்பிள்ளை தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியுமாக மணவறைக்கு நடந்தார். பின்னால் தோழிப் பெண்கள் தட்டோடு. பொம்பிளையின் தாயார் பாட்டு நல்லாயிருக்குது தம்பி என்று போகும்போது பாராட்டிவிட்டும் போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் இப்போது ஒரு பிள்ளையோடு நல்லாக இருக்கிறார்கள், அது போதும்.

அதை நினைத்துச் சிரிக்கலாம். மோட்டார் சைக்கிள் வீடியோக்களைப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை. வாளோடு வீடு புகுந்து வெட்டுகிற குழுக்களைப் பற்றி இங்கே பத்திரிகையில் வாசிக்காத மாதமில்லை. அந்தப் பெடியள் தங்களைப் பெரிதாகக் காட்ட எடுக்கிற வீடியோவுக்கு இந்த வயலினைத்தான் வெட்டி ஒட்டுகிறார்கள். பாட்டின் கடைசியில் எல்.வி. திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. நாம் நோகப்பண்ணுவது நம்மைத்தான் என்பதைக் காணமுடியாமல் ஏன் இப்படிக் குருடாயிருக்கிறோம் என்ற பொருளில். அதையே சொல்லிச் சொல்லித்தான் பாட்டு மங்கிப் போகிறது. அந்த இடத்துக்கு எந்த டிக்டொக் வீடியோவும் இதுவரை வந்து சேரவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது பகுதி மெலிவு. காசு, அதிகாரம் என்று சுற்றி வந்து சமையலறைக்குள் போய் ஏதோ சொல்லி, முதல் இரண்டு பகுதியிலும் இருந்த பாரத்தை இழந்துவிடுகிறது. அந்தப் பகுதியிலும் ஒரு வரி தப்பிப் பிழைக்கிறது: படிக்கவேண்டும் என்கிறார்கள், ஆனால் சொல்லித்தர இங்கே யாருமில்லை என்ற இடம். ரியூசன் மாஸ்டர் அதற்குச் சிரித்தார். காலை ஆறு மணியிலிருந்து பொழுதுபடும்வரை ஐந்து ரியூற்றரிக்கு ஓடும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆளில்லை என்று யாழ்ப்பாணத்தில் யாரும் சொல்லமுடியாது என்றார். சமையலறை என்றதும் ஒன்று நினைவு வருகிறது, பிற்காலத்தில் கூலியோ உண்மையாகவே சமையல் புத்தகம் ஒன்று போட்டார், 2009இல்.

படத்தைப் பற்றிக் கேட்பீர்கள். பார்த்தேன். அமெரிக்க மரைன் படையில் இருந்து விலகிய ஒரு அம்மா, மிஷெல் பைஃபர், யாருக்கும் அடங்காத வகுப்பு ஒன்றுக்கு ரீச்சராகப் போகிறார். லுவான் ஜோன்சன் என்ற உண்மையான ரீச்சரின் அனுபவத்திலிருந்து எடுத்த கதை. சுமார். நல்ல ரீச்சர் ஒருவர் வந்தால் எல்லாம் சரிவரும் என்று படம் நம்பச் சொல்கிறது. அந்தப் படத்தோடு வந்த பாட்டு அதை நம்பவில்லை. இரண்டில் யார் சொல்வது சரி என்று கேட்டால் நான் பாட்டின் பக்கம். வீடியோவை மட்டும் பாருங்கள், அன்டோன் ஃபுக்வா எடுத்தது. இருட்டறையில் பைஃபரும் கூலியோவும் எதிரெதிரே. கூலியோ சொல்லச் சொல்ல அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். படம் முழுவதும் செய்யாததை அந்த ஒரு கதிரை செய்துவிடுகிறது.

கேட்கும் விதம். போனின் ஸ்பீக்கரில் கேட்டால் பாதிப் பாட்டுத்தான் கேட்டீர்கள். கீழே நடக்கிற பேஸ் அந்தச் சின்னத் துளையால் வராது. வயலின் மட்டும் கேட்கும், அது மட்டும் கேட்டால் சண்டியன் பாட்டு மாதிரித்தான் இருக்கும். பேஸ் சேரும்போதுதான் அது துக்கமாகிறது. அதற்காக ஆட்டோக்காரர் செய்வதுபோல சீற்றுக்குக் கீழே பெரிய பொக்ஸ் வைத்து பேஸை முழுதாகத் திறக்கவும் கூடாது, எல்.வி.யின் குரலை விழுங்கிவிடும். சாதாரண எட்டு அங்குலப் பொக்ஸ் இரண்டு, பேஸ் நடுவுக்குச் சற்று மேலே, சத்தம் கதைக்கிற அளவுக்குக் கொஞ்சம் கூட. இரவில். கசெற்றின் இரைச்சல் மெல்லிதாக இருக்கும், இருக்கட்டும்.

அன்றைக்கு மருமகனை உள்ளே கூப்பிட்டு அப்படித்தான் போட்டுக் காட்டினேன். கதிரையில் இருக்காமல், மேசையில் சாய்ந்துகொண்டு, சாவிக் கொத்தைச் சுழற்றிக்கொண்டு கேட்டான். இரண்டாம் பகுதியில் 23, 24 என்று வந்ததும் சாவி நின்றது. அவன் இங்கிலீசு என்னைவிடத் திறம். பாட்டு மங்கி முடிந்து, அடுத்த பாட்டுத் தொடங்கமுன் நான் நிறுத்தினேன்.

"மாமா, இந்தாள் இப்ப எங்க?"

"செத்துப்போனார். 2022, செப்டெம்பர்."

"எத்தினை வயசு?"

"59."

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப 24ஐக் கண்டிட்டார்" என்றான்.

பிறகு பென்டிரைவை நீட்டினான். முழுப் பாட்டையும் பதிந்து கொடுத்தேன், பேஸ் ஏற்றாமல். "வீடியோவுக்கு நீளம் கூட மாமா" என்று முணுமுணுத்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை எடுத்தான். வீடியோ மாறியதா இல்லையா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

கசெற் விற்பனைக்கில்லை, இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பிரதி வேண்டுமானால் பென்டிரைவோடு வாருங்கள், காசு வேண்டாம். பதிய நாலு நிமிடம் எடுக்கும், அந்த நாலு நிமிடமும் கடைக்குள் இருந்துதான் போகவேண்டும். ஆவணியில் வரவேண்டாம், நான் கோயில் வீதியில் நிற்பேன்.